அவசரத்தில் சுட்ட அதிரசம்

எதிர்வீட்டு சுவர்ச்சலா தட்டு நிறைய அதிரசத்தோடு வாசலில் நின்றதுமே ஹைமாவதிக்குச் செய்தி புரிந்துவிட்டது. ஆந்திரத்துப் பாலகொல்லுவில் குழந்தை குப்புற விழுந்தால் போளி, நடந்தால் அதிரசம். முதலடியை அதிரசத்தின் மேல் வைக்கச் செய்து, தெருவுக்கெல்லாம் கொடுப்பார்கள்.

“எங்க ஜாஹ்னவி நடந்துட்டா ஹைமா.”

ஹைமா வாய் நிறையச் சிரித்தாள். கதவைச் சாத்தியதும் தட்டைச் சமையலறை மூலையில் தள்ளினாள். அவள் மகன் மாதவுக்கும் அதே வயதுதான், இன்னும் ஒரு வருடம் நிறையவில்லை. குப்புற விழுந்ததில் அவன்தான் முந்தி. அன்று போளி கொடுத்தபோது அவள் கால் தரையில் பாவவில்லை. இப்போதோ அவன் உட்கார்ந்த இடத்திலேயே மழலை பேசிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுக் கொலுசுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது.

மறுநாளே குழந்தையை உள்ளே உட்காரவைக்கும், சக்கரம் வைத்த நடைவண்டி வாங்கிவந்தாள். அது வேண்டாம், தரையில் தவழ விடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னதைக் கணவன் பிரபாகரம் ஞாபகப்படுத்தினான். “அவன் என்ன எலெக்‌ஷன்லயா நிக்கப்போறான்? நிக்கறப்ப நிக்கட்டும்” என்று கேலியும் செய்தான். ஹைமா கேட்கவில்லை. நாளெல்லாம் அதிலேயே கிடந்து, குழந்தை அந்த வண்டியைக் கண்டாலே அழ ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை, பொறுக்கமாட்டாமல் அவளே அதிரசம் சுட்டாள். மாதவ் நடந்துவிட்டான் என்று வீடு வீடாகக் கொடுத்தாள். வேங்கடேசுவரர் படத்துக்கு முன்னால் வைக்கும்போது மட்டும் படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

சாயங்காலம் மாதவ் நடப்பதைப் பார்க்க சுவர்ச்சலா வந்தாள். ஹைமா மகனைத் தூக்கி நிறுத்திக் கையை எடுத்தாள். அவன் முகம் அடிபட விழுந்தான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது.

சுவர்ச்சலாதான் ஓடிவந்து தூக்கினாள். முந்தானையை நனைத்து உதட்டில் ஒற்றினாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுதான் ஹைமாவை உடைத்தது.

“அவன் நடக்கல அக்கா. உங்க பொண்ணு நடந்ததை என்னால தாங்க முடியல.”

சுவர்ச்சலா தலை குனிந்தாள். “நானும் உன்னைப் பார்த்து வெந்துக்கிட்டுதான் இருந்தேன். உன் பையன் என்னை அத்தைன்னு கூப்பிடறான். என் பொண்ணு இன்னும் அம்மான்னு சொல்லல. சொல்லு சொல்லுன்னு உலுக்கி, ஒருநாள் அடிச்சும் இருக்கேன்.”

மறுநாள் இருவரும் குழந்தைகளோடு டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் சோதித்துப் பார்த்து, இரண்டு பேருக்கும் ஒரு குறையுமில்லை என்றார். ஒன்றுக்குக் கால் முந்தும், இன்னொன்றுக்கு நாக்கு முந்தும். மடியும் பேச்சும் விளையாட்டும்தான் மூளையை வளர்க்கும். பயந்த குழந்தை கற்கத் தயங்கும் என்றார். “சந்தேகம் வந்தா என்கிட்ட கேளுங்க. எதிர்வீட்டைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க.”

திரும்பும் வழியிலேயே ஹைமா வீடு வீடாக நின்று உண்மையைச் சொன்னாள். சிலர் சிரித்தார்கள், அவள் பொறுத்துக்கொண்டாள்.

அன்று மதியம் ஹைமா வீட்டில், கிழிந்த உதடு எரிய, மாதவ் பருப்புச்சோற்றைத் துப்பினான். சுவர்ச்சலா அவனை மடியில் போட்டு, ஆறவைத்து ஊட்டினாள். ஜாஹ்னவியைத் தன் மடியில் இழுத்துக்கொண்டு ஹைமா சொன்னாள்:

“அதுங்க அதுங்க நேரத்துல வளரும் அக்கா. நம்ம பொறாமையை அந்தப் பிஞ்சுங்க தலையில ஏத்தாம இருந்தா போதும்.”