பவுடரும் பாட்டின் கடைசி வரியும்

பவுடர் என் குதிரை. சுவரொட்டியில் அதன் பெயரும் என் பெயரும் ஒரே அளவு. ஏழு கௌபாய் படங்களில் சேர்ந்து நடித்திருக்கிறோம். ஒருமுறைகூட நான் அதன் முதுகில் ஏறியதில்லை. என் முகத்தைப் பக்கத்தில் படம் பிடிக்கும்போது பீப்பாய் மேல் சேணம் போட்டு உட்கார வைப்பார்கள். தூரத்தில் பறப்பவன் ஹோப், என் டூப். டெக்சாஸில் சேணத்திலேயே வளர்ந்தவன் என்று ஸ்டுடியோ என்னைப் பற்றி அச்சடித்து விட்டது. நான் ஒஹையோவில் பியானோ விற்றவன். குதிரை என்றாலே எனக்குப் பயம்.

படத்துக்கு விளம்பரமாக ஊர் ஊராகப் போனோம். டெக்சாஸில் அமரில்லோ என்ற ஊரில் ரசிகர்கள் முன் நின்று பாடுவதாகத்தான் பேச்சு. தயாரிப்பாளர் ஃபெல்ட்காம்ப் அன்று காலை மாற்றிவிட்டார்.

"மேல ஏறி உக்காந்து பாடு. வந்திருக்கிறவன்ல பாதிப் பேர் நிஜ மாட்டுக்காரன். கீழ நின்னா சிரிப்பான். முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, இன்னொரு பாட்டுக்காரனையும் கூட்டிட்டுத்தான் வந்திருக்கேன்."

என் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. "ஏறிடலாம் சார்" என்றேன்.

மைதானத்து வேலியோரம் ஹோப்தான் என்னை ஏற்றிவிட்டான். தரை எங்கேயோ கீழே போயிற்று.

"ஹீரோ, ஒண்ணு சொல்றேன், பயப்படாத. படத்துல உன் பாட்டு முடிஞ்ச கையோட என்ன நடக்கும்?"

"நீ ஏறி வில்லனைத் துரத்துவ."

"ஏழு படத்துலயும் அதே பாட்டு, அதே ஓட்டம். பவுடருக்கும் மனப்பாடம் ஆயிடுச்சு. கடைசி வரி காதுல விழுந்தா பிச்சுக்கிட்டு ஓடுவான்."

"இப்ப வந்து சொல்றியேடா, பாவி."

"அந்த வரிய மட்டும் பாடாத. நான் வந்து கடிவாளத்தைப் பிடிக்கிறேன்."

அதற்குள் ஃபெல்ட்காம்ப் அவனை இழுத்து வேலிக்குப் பின்னால் தள்ளினார். என்னைப் போலவே உடுத்திய ஒருவன் ஜனங்கள் கண்ணில் படக் கூடாதாம்.

பவுடர் தானாகவே மைதானத்தின் நடுவுக்கு நடந்தது. நாலாயிரம் பேர் கைதட்டினார்கள். பாடினேன். கடைசி வரி வரும் இடத்தில் சட்டென்று முதல் வரிக்குத் தாவினேன். வாத்தியக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுப் பின்தொடர்ந்தார்கள். இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்று. என் பயம் குதிரைக்குத் தெரியாமலா இருக்கும்? வேலிக்குப் பின்னால் ஹோப் ஃபெல்ட்காம்போடு மல்லுக்கு நிற்பது தெரிந்தது. அவன் வரும்வரை விடியவிடியப் பாடவும் நான் தயார்.

நாலாவது சுற்றில் ஜனங்களும் கூடச் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். நல்ல ஜனங்கள். அந்தப் பாட்டு அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். நான் நிறுத்திய இடத்தில் அவர்கள் நிறுத்தவில்லை.

"சூரியன் சாயுமுன் வீடு சேருவோம்" என்று நாலாயிரம் பேர் பாடி முடித்தார்கள்.

பவுடரின் காதுகள் நிமிர்ந்தன.

பிடரி மயிரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, அலறினேன். மைதானத்தை எத்தனை சுற்று சுற்றியது என்று தெரியாது. ஒருவழியாக நின்றபோது ஹோப் கடிவாளத்தைப் பிடித்திருந்தான். என்னைக் கீழே இறக்க அவன் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ஜனங்கள் எழுந்து நின்று தொப்பிகளை வீசிக்கொண்டிருந்தார்கள்.

ஃபெல்ட்காம்ப் பேனாவோடு ஓடிவந்தார். "ஓடும்போது ஒரு கூவு கூவினியே, அதுதான்யா அசல் மாட்டுக்காரன். இந்தா, மூணு வருஷ ஒப்பந்தம், போடு கையெழுத்து. இன்னும் பதினோரு ஊர் இருக்கு, எல்லா ஊர்லயும் இதேதான்."

கையெழுத்துப் போட்டேன். நாளை லபக் என்ற ஊர். அங்கேயும் எல்லோருக்கும் அந்தப் பாட்டு தெரியும்.