வரதன் டிராக்டரில் இரண்டு லைட்

1

இந்தக் கதை ஒரு ஜெராக்ஸிலிருந்து திருடியது. பிறகு யாராவது கண்டுபிடித்து மானம் போவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

கவரைப்பேட்டை ஸ்டேஷன் ரோட்டில் எனக்கு ஜெராக்ஸ் கடை. ஊரில் பாதிப் பேருடைய ஆதார், பட்டா, டிசி எல்லாம் என் கண்ணில் பட்டுத்தான் வெளியே போகும். அடுத்தவர் காகிதத்தைப் படிக்கக் கூடாது என்று தினமும் நினைப்பேன். தினமும் படித்துவிடுவேன். போன மாதம் குணசுந்தரி வந்தாள். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள், வரதன் என்கிற நெல் விவசாயியின் மனைவி. டிராக்டரோடு கொடுத்த புத்தகத்தில் ஒரே ஒரு பக்கத்தைப் பிரித்து நீட்டினாள்.

"அருணா, இத்த பெருசாக்கி லேமினேட் பண்ணிக் குடு."

ரோல் பாரில் ஓட்டை போடாதே, வெல்டிங் வைக்காதே என்று போட்டிருந்தது. (ரோல் பார் என்றால் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வளைவாக நிற்குமே, அந்தக் கம்பி. வண்டி கவிழ்ந்தால் முழு எடையையும் அது வாங்கிக்கொண்டு ஆளை நசுங்கவிடாது. அதில் ஓட்டை போட்டாலோ சூடு வைத்தாலோ அந்த இடத்தில் பலம் போய்விடும்.)

"யாருக்குடி இது?"

"மோசஸுக்கு. ஞாயித்துக்கிழம இந்தக் கம்பியில லைட் மாட்ட வர்றான். அவன் கையில வெல்டிங் குச்சிய குடுத்தா ஊட்டுக் கதவையும் சேத்து ஒட்டிட்டுப் பூடுவான்."

2

தொடக்கம் ஒன்று: "அந்தி சாயும் ஏரிக்கரையில் ஓர் இரும்புக் குதிரை..."

(நிறுத்திவிட்டேன். டிராக்டரை இரும்புக் குதிரை என்று எழுதுகிறவளுக்கு நானே ஜெராக்ஸ் போட்டுத் தரமாட்டேன்.)

தொடக்கம் இரண்டு: "வரதன் ஒரு

(ஒரு என்ன? நல்ல மனுஷன், வீம்பு பிடித்தவர். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் உட்கார வைக்கப் பார்த்தேன், சண்டை போட்டுக்கொண்டன.)

தொடக்கம் மூன்று: "மோசஸ் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக வெல்டர்."

இது தேவலாம். இதை வைத்துக்கொள்வோம்.

3

மோசஸ் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாக வெல்டர். அவனுடைய அப்பா வரதன் வீட்டு நிலத்தில் கூலி வேலை செய்தவர். மோசஸ் செய்ததில்லை. வேலைக்குக் கூப்பிட்டால் கூலி பேசிவிட்டு வருவான், வந்தால் நாற்காலியில் உட்காருவான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்தவனிடம் குணசுந்தரி அட்டையை நீட்டினாள். லேமினேட் செய்தவள் என்ற உரிமையில் நானும் போயிருந்தேன்.*

மோசஸ் படித்தான். முகம் சுருங்கியது.

"இன்னாக்கா இது? என் வெல்டிங்கு இதுவரைக்கும் ஒண்ணு உட்டதில்ல."

"உன் வெல்டிங்கு உடாது. பக்கத்துல கம்பி உட்டுச்சின்னா?"

அவனுக்குத் தெரியாததா. கம்பெனியில் இதே மாதிரி விதிகளைச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஊருக்குள் வந்தால் மட்டும் கை அரிக்கும். முறைத்துவிட்டு, பைக் பெட்டியிலிருந்து, ஓட்டையும் வெல்டிங்கும் இல்லாமல் கம்பியைக் கவ்விப் பிடிக்கிற இரண்டு கிளாம்ப்பையும் ரப்பர் பட்டையையும் எடுத்தான். கொண்டுதான் வந்திருக்கிறான், பாருங்கள்.

முதலில் கம்பியை நிமிர்த்த வேண்டியிருந்தது.** இரண்டு வருஷமாக அது பின்பக்கம் மடங்கிக் கிடக்கிறது. வரதனின் கொட்டகைக் கூரை தாழ்வு, நிமிர்ந்த கம்பியோடு வண்டி உள்ளே போகாது. தினமும் கம்பியை நிறுத்திப் பிடிக்கிற இரும்புப் பின்னைக் கழற்றி மடக்கி, காலையில் நிமிர்த்தி, மறுபடி பின் போட்டு... யாருக்குப் பொறுமை? ஒரு நாள் மடக்கினவர் அப்படியே விட்டுவிட்டார். துரு பிடித்த பின்னுக்கு மோசஸ் எண்ணெய் விட்டுச் சுத்தியலால் தட்டினான்.

"தேவையா இந்தப் பேஜாரு?" என்றார் வரதன்.

"லைட்டு கேட்டது உங்க சம்சாரம்ணா. என்ன கேக்காதீங்க."

வரதன் சிரித்துக்கொண்டே டீ போட உள்ளே போனார்.

மோசஸ் பேட்டரியில் நெகட்டிவ்வைக் கழற்றினான். ரப்பர் வைத்துக் கிளாம்ப்பை இறுக்கி, முன்பக்கம் பார்த்து இரண்டு லைட்டைப் பூட்டினான். பியூஸும் ரிலேயும் வைத்தான், ஒயரைச் சைலன்சரிலிருந்து தள்ளியே ஓட்டினான். தனி சுவிட்ச். "ரோட்டுக்கு வந்தா ஆப் பண்ணிடணும். எதுர்ல ஷிப்ட் பஸ் வரும், டிரைவர் கண்ணு பூடும்" என்று அட்டையில் இல்லாத ஒரு விதியையும் சேர்த்தான்.

* எழுத்தாளர்கள் இதைக் கள ஆய்வு என்பார்கள். எங்கள் ஊரில் வேறு பெயர்.

 ** கம்பி நிமிர்ந்திருந்தால் சீட் பெல்ட்டும் போட வேண்டும். வரதனின் பெல்ட் சீட்டுக்கு அடியில் புத்தம் புதுசாக இருக்கிறது.

4

இதுவரை எழுதிவிட்டு எனக்கே சந்தேகம் வந்தது. குணசுந்தரிக்கு எதற்கு லைட்? டிராக்டரை ஓட்டுவது அவள் இல்லை. வரதனும் கேட்கவில்லை. இந்தப் பாத்திரம் சரியாக நிற்கவில்லை என்று அவளையே கதையிலிருந்து தூக்கிவிடப் பார்த்தேன். அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை காதில் விழுந்து நான் கவனிக்காமல் விட்ட பேச்சு ஞாபகம் வந்தது.

"அக்கா, மடங்குற எடத்துல ஒயரு எவ்ளோ லூசு உடணும்?"

"உடாத."

"உடலன்னா மடக்கும்போது அறுந்துடும்."

"அறுந்துடும்னு தெரிஞ்சா மடக்க மாட்டாரு இல்ல?"

மோசஸ் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"லைட்டு வயலுக்காக்கா, இந்தக் கம்பி நிக்கறதுக்கா?"

அவள் வீட்டு வாசலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஐப்பசி மழையில ஏரிக்கரையில வண்டியோட சறுக்கிட்டாரு. வந்து கை கழுவிட்டு சோறு துன்னாரு, ஒரு வார்த்த சொல்லல. மறுநாள் வண்டிய நான்தான் கழுவுனேன். சேறு ஒரு பக்கம் மட்டும் சீட்டு வரைக்கும் இருந்துச்சி. கம்பிய நிமுத்துன்னு எத்தினி வாட்டி சொல்லிட்டேன். நான் இன்னா சின்னப் புள்ளயான்றாரு. அதான் லைட்டு."

மோசஸ் மடங்கும் இடத்தில் ஒயரை ஒரு சுற்று விட்டு, டியூப் போட்டுக் கட்டினான்.

"ஒயரு நசுங்குனா பொறி வரும், பக்கத்துலயே டீசல் கீது. பயமுறுத்தலாம்க்கா. பத்த வெக்கக் கூடாது."

ஆக, கம்பி மடங்கும். மடக்குவதும் மடக்காததும் வரதன் கையில். டீயோடு வந்தவர் சோதித்தும் பார்த்தார். கம்பியை மடக்கி சுவிட்சைப் போட்டால் முன்னால் பார்த்த லைட் இரண்டும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தன.

"இன்னாடா மோசஸ், கொக்குக்கு லைட் போட்டியா?"

"நிமுத்துனா வயலுக்கு, மடக்குனா கொக்குக்கு. உங்க இஷ்டம்ணா."

5

எழுதினதைக் குணசுந்தரியிடம் படிக்கக் கொடுத்தேன். நான்காம் பகுதியில் [அவள் கண்கள் குளமாயின] என்று ஒரு வரி இருந்தது.

"நான் எங்கடி அழுதேன்?"

"வாசகர்களுக்காக."

"பயமா இருந்துச்சி. தெனம் பொழுது சாஞ்சா பயமாத்தான் இருக்குது. அத்த எழுது, போதும்."

எழுதிவிட்டேன்.

முடிவுக்கு மூன்று வைத்திருந்தேன். முதல் முடிவில் வண்டி கவிழ்கிறது. அதைக் கிழித்துவிட்டேன். வாரம் ஒருமுறை என் கடைக்கு வருகிற மனுஷனைச் சாகடித்துவிட்டு எந்த முகத்தோடு மீதிச் சில்லறை கொடுப்பேன்? இரண்டாவதில் வரதன் மனம் திருந்திக் கொட்டகைக் கூரையை உயர்த்துகிறார். குணசுந்தரி அந்தப் பக்கத்தைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்றாவதை இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். மணி ஆறே கால். மழை விட்டிருக்கிறது. நடவுக்கு வயலைச் சேறாக்கிச் சேடை ஓட்டப் போன வரதன் ஏரிக்கரை வழியாகத்தான் திரும்ப வேண்டும். கடையின் பின் ஜன்னலில் இருந்து கரை தெரியும். குணசுந்தரி வந்து அரை மணி நேரமாகிறது. கையில் ஜெராக்ஸ் எடுக்க ஒன்றும் இல்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள்.

"வண்டி சத்தம் கேக்குது. வெளிச்சம் தரையில வுழுதா, மேல போவுதா? பாத்துச் சொல்லு."

என்னால் முடியவில்லை. தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறேன். நான் நகர்ந்து கொள்கிறேன், நீங்கள் ஜன்னல் பக்கம் வாருங்கள். பார்த்துவிட்டு அவளிடம் நீங்களே சொல்லுங்கள். பொய் சொல்ல வேண்டி வந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுங்கள், எனக்கு அது பழக்கம்.