ஏழிலிருந்து ஏழு ஐந்து வரை

2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, ஏற்காட்டில் கிளியூர் சாலைச் சரிவில் உள்ள தன் வீட்டில் வெங்கடாசலம் இறந்தார். வயது அறுபத்து மூன்று. ஏரிக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஓர் ஓட்டலில் இருபத்து நான்கு வருடம் கீபோர்டு வாசித்தவர்.

பகல் பதினொன்றரைக்கு அந்த ஓட்டலிலிருந்து அவர் வாசிக்கும்போது போடும் கோட்டைக் கொண்டுவந்த ஆளை, வெங்கடாசலத்தின் தங்கை கௌரி வாசலிலேயே மறித்தாள்.

"அது எதுக்குங்க இங்க?"

வந்தவர் ஆசிர். ஓட்டல் சாப்பாட்டு அறையில் பரிமாறுகிறவர். கறுப்புக் கோட்டு ஹேங்கரில் தொங்கியது, மேலே பழைய சலவைக்கடை பிளாஸ்டிக் உறை.

"அண்ணனோடதுங்க. கொஞ்ச வருசமா அங்கியே மாட்டி வெச்சிருப்பாரு. போட்டு அனுப்பலாம்னு..."

"கோடி வேட்டி எடுத்தாச்சுங்க. பொண்டாட்டியப் பொணமா நடு ஊட்டுல போட்டுட்டு, இதத்தான மாட்டிக்கிட்டு வாசிக்கப் போனாரு என்ற அண்ணன். அண்ணி பொறந்த ஊரு வாழவந்தி சனம் இன்னிக்கும் அதத்தான் பேசுது. இன்னிக்காவது இது கண்ணுல படாம இருக்கட்டும்." சொல்லிக்கொண்டே கௌரி அழுதாள்.

பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த பெரியவர் காளியப்பன் தலையை நிமிர்த்தினார். குழி வெட்ட ஆள் அனுப்பியது, பூவுக்குச் சொன்னது எல்லாம் அவர்தான். "கோட்டா? மேல போயி வேலை கேக்கப் போறானா என்ன? உள்ள வெய்யிங்க அத."

இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

உள்ளே அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கவிப்பிரியாவுக்கு எல்லாம் கேட்டது. சேலத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். அத்தையின் போன் வந்ததும் கணவனின் வண்டியில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி எட்டு மணிக்கு வந்தாள். வந்ததிலிருந்து அழவில்லை. அத்தை சொன்னது புதிதில்லை. பதினோரு வருடமாக அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் விரல்களைப் பார்த்தாள். கட்டைவிரல்களைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடத் தோட்டத்தில் வேலை பார்த்தபோது, அங்கே சும்மா கிடந்த பியானோவில் தட்டித் தட்டிப் பழகிய கை. ராகம் பெயர் தெரியாது, தாளில் எழுதியதைப் படிக்கத் தெரியாது. பாடவும் மாட்டார். பேச்சும் அப்படித்தான். "சாப்பிட்டியா", "பஸ் வந்துருச்சா", அவ்வளவு.

அம்மா காளியாயி நிறையப் பேசுவாள். காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி போட்டு மிளகு பறிக்கையில் விழுந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அப்போது கவிப்பிரியாவுக்குப் பதினைந்து வயது. அதற்குப் பிறகு நான்கு வருடம் அம்மா இதே அறையில், இதே ஜன்னலுக்குக் கீழே கட்டிலில் கிடந்தாள். படுத்தபடி பார்த்தால் ஓட்டுக்கூரையும் கொஞ்சம் வானமும்தான் தெரியும்.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஓட்டல் புல்வெளி ஸ்பீக்கரில் அப்பாவின் கீபோர்டு தொடங்கும். ஒன்பதரை வரை சாப்பிட வந்தவர்கள் கேட்கும் சினிமாப் பாட்டு. ஆனால் முதல் ஐந்து நிமிடம் அவர் இஷ்டம். யாருடைய பாட்டும் இல்லாத, பெயர் இல்லாத ஒன்றை வாசிப்பார். காற்று இல்லாத நாளில் ஏரித் தண்ணீர் மேல் அது அப்படியே இந்தக் கரைக்கு வந்துவிடும்.

"சத்தம் போடாத, உங்கப்பன் பேசறாரு" என்பாள் அம்மா.

கேட்டுக்கொண்டே சொல்வாள். "இன்னிக்கு மேனேஜரு திட்டிப்போட்டாரு. இடது கை பாரு, செருப்பில்லாம வெயில்ல நடக்கற மாதிரி ஓடுது." இன்னொரு நாள், "கூட்டமே இல்ல போல. சும்மா வாசல்ல நின்னு ரோட்டப் பாக்கறாரு." இன்னொரு நாள், "தண்ணி மேல மூட்டம் எறங்குது. படகெல்லாம் கட்டிட்டாங்க." கவிப்பிரியா எழுந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். படகுகளைக் கட்டியிருப்பார்கள்.

"நேரத்த வெச்சு அடிச்சு உடற" என்பாள்.

"அடிப் போடி. நீ அது என்ன பாட்டுன்னு யோசிக்கற. நானு அந்த மனுசன் எப்பிடி உக்காந்திருக்காருன்னு கேக்கறேன்."

ஒருமுறை அப்பா வந்ததும் கவிப்பிரியா நேராகவே கேட்டாள். "ஏம்ப்பா, இன்னிக்கு மேனேஜர் திட்டுனாரா?" அப்பா கோட்டைக் கழற்றியபடி கட்டிலைப் பார்த்தார். அம்மா கூரையைப் பார்த்துச் சிரித்தாள். "ம்" என்றார் அப்பா.

கவிப்பிரியாவுக்கு மட்டும் அது கடைசிவரை ஒரே மாதிரிதான் கேட்டது. மேலே போய்க் கீழே வரும் ஏதோ ஒரு சத்தம்.

2013 ஆகஸ்ட் 6 பிற்பகல் மூன்று மணிக்கு அம்மா இறந்தாள். நல்ல மழை. மறுநாள் காலைதான் எடுப்பது என்று முடிவானது. அறையில் கட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஜன்னலுக்குக் கீழே தரையில் பாய் போட்டுக் கிடத்தினார்கள். ஆறரை மணிக்கு அப்பா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். யாரையும் பார்க்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். "அண்ணா, எங்கண்ணா போற?" என்று அத்தை வாசல் வரை ஓடினாள். வாழவந்தியிலிருந்து வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒரு நாளு லீவு போடக்கூடாதா?" என்றாள் ஒருத்தி.

ஏழு மணிக்கு ஸ்பீக்கரில் சத்தம் வந்தது. மழை விட்டிருந்தது. முதல் நான்கைந்து சுரம் தெளிவாகக் கேட்டது. அறையில் இருந்த அத்தனை பேரும் பத்தொன்பது வயதுக் கவிப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள். அம்மாவின் உடம்பைத் தாண்டிக் கையை நீட்டி ஜன்னலைச் சாத்தினாள். கொண்டியைப் போட்டாள். சத்தம் நின்றது.

அப்பா திரும்பி வந்ததும் முதலில் பார்த்தது ஜன்னலைத்தான். அடுத்து அவளை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அம்மாவின் காலடியில் உட்கார்ந்தார். அதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசியதே இல்லை. கல்யாணம் ஆகி அவள் சேலம் போன பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்தாள். "எங்க ஊட்டுக்கு வந்துருங்க" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பன்னிரண்டரைக்குக் குளிப்பாட்ட உடலை வெளியே எடுத்தார்கள். கவிப்பிரியா கொல்லைப்புறம் போனாள். துவைக்கும் கல் மேல் ஆசிர் உட்கார்ந்திருந்தார். கோட்டு மடியில் இருந்தது. யாரோ கொடுத்த டீ, குடிக்காமல் ஆடை படிந்திருந்தது.

"அத்தை பேசுனத மனசுல வெச்சுக்காதீங்கண்ணா."

"அவங்க சொல்றது சரிதான பாப்பா. போட்டுக்கிட்டுத்தான் வந்தாரு." டம்ளரைக் கீழே வைத்தார். "ஆனா வேலைக்கு வரல."

அவளுக்குப் புரியவில்லை.

"மதியமே போன் பண்ணிச் சொல்லிட்டாருங்க, இந்த மாதிரின்னு. மேனேஜரு ஒரு வாரம் லீவு குடுத்துட்டாரு. அன்னிக்கு மழை, செவ்வாக்கிழம வேற. டைனிங் ஹால்ல ரெண்டே டேபிள்தான். திடீர்னு கோட்டோட வந்து நிக்கறாரு. மேனேஜரு, ‘என்னய்யா, உன்ன யாரு வரச் சொன்னா?’ன்னாரு. ‘அஞ்சே நிமிசம் சார்’ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல. என்னையக் கூப்பிட்டு, ‘ஆசிரு, ஸ்பீக்கர எங்க ஊட்டுப் பக்கம் திருப்பு’ன்னாரு. நாந்தான் திருப்புனேன்."

கொல்லையில் யாரோ குடத்தைக் கவிழ்த்தார்கள். தண்ணீர் சரிவில் ஓடியது.

"அவரு ஏழரைக்கெல்லாம் ஊட்டுக்கு வந்துட்டாரு" என்றாள் கவிப்பிரியா. ஒன்பதரைக்கு முடியும் வேலை. அன்று அது யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கும் தோன்றவில்லை.

"என்ன வாசிச்சாருங்க?"

"எனக்கு சங்கீதமெல்லாம் தெரியாது பாப்பா. மொதல்ல தெனம் வாசிக்கறதுதான். எனக்கு அது எப்பவுமே யாரையோ பேரு சொல்லிக் கூப்புடற மாதிரி இருக்கும். அத வாசிச்சாரு. நிறுத்திட்டாரு. அந்தப் பக்கம் இருந்து பதிலு வரும்னு கேக்கற மாதிரி தலையச் சாச்சிக்கிட்டு இருந்தாரு. மறுபடி அதே கூப்புடறது. மறுபடி நிறுத்தறாரு. ஏழெட்டு தடவ இருக்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெதுவா. ஒரு டேபிள்ள வடநாட்டுக் குடும்பம். அவங்களுக்கு என்ன தெரியும்? அந்தம்மா ஸ்பூன கீழ வெச்சுட்டாங்க. சமையக்காரரு அடுப்ப அணைச்சுட்டுக் கதவுகிட்ட வந்து நின்னாரு."

"அப்பறம்?"

"அப்பறம் வேற ஒண்ணு வாசிச்சாரு. நான் அதுக்கு முன்ன கேட்டதில்ல. அது... எப்படிச் சொல்றது, தூங்கற கொழந்தையத் தோள்ல போட்டுக்கிட்டு ஒரு ஆளு மேட்டுல ஏறிப் போற மாதிரி. அலுங்காம. போய்க்கிட்டே இருக்கான். அப்படியே எட்டப் போயிருச்சு. எந்திரிச்சாரு. மேனேஜருக்குக் கும்பிடு போட்டாரு. போயிட்டாரு."

தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றிருந்தது.

"ஒரு வாரம் கழிச்சு வந்தாருங்க. அன்னிலருந்து ஏழு மணிக்கு வாசிக்கறதில்ல. கரெக்டா ஏழுக்கு வந்து கீபோர்டு முன்னால உக்காருவாரு. கைய மடில வெச்சுக்குவாரு. ஏழு அஞ்சுக்குத்தான் சினிமாப் பாட்டு ஆரம்பிப்பாரு. நாங்க கேட்டுப் பாத்தோம். ‘அந்த நேரத்துக்கு அங்க ஜன்னல் சாத்தியிருக்கும் ஆசிரு’ன்னாரு. எனக்கு வெளங்கல." அவர் நிமிர்ந்தார். "உனக்கு ஏதாச்சும் தெரியுமா பாப்பா?"

கவிப்பிரியா கோட்டை வாங்கிக்கொண்டாள்.

அறைக்குள் வந்தபோது உடலை மீண்டும் உள்ளே கிடத்தியிருந்தார்கள். கோடி வேட்டி, நெற்றியில் நாமம். அத்தை அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கோட்டைப் பார்த்ததும் துண்டு நின்றது.

"ஏங்கண்ணு, அதப் போயி..."

"அவரு லீவுல இருந்தாரு அத்தை. அன்னிக்கு வேலைக்குப் போகல."

"பின்ன எதுக்குப் போனாராம்?"

"அம்மா தெனம் கேப்பாங்கல்ல. அன்னிக்கும் கேக்கட்டும்னு."

கௌரி அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டிருக்கும்" என்றாள் கவிப்பிரியா. "நாந்தான் சாத்திப்போட்டேன்."

பந்தலிலிருந்து காளியப்பன் எட்டிப் பார்த்தார். "மணி ரெண்டாகப் போவுது. நாலுக்கு எடுத்தாத்தான் இருட்டறதுக்குள்ள முடிச்சு வர முடியும். என்ன பிரச்சன?"

"கோட்டு போடணுமுங்க" என்றாள் கௌரி.

பெரியவர் கௌரியைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். உள்ளே வந்து வெங்கடாசலத்தின் முழங்கையைத் தூக்கிப் பார்த்தார். வளையவில்லை. "வெறச்சுப் போச்சு சாமி. நேரா மாட்ட முடியாது. முதுகுல நடுவால கிழிச்சு, முன்னால இருந்து ரெண்டு கையிலயும் ஏத்தி, அடியில சொருகி உடணும். பாக்கறதுக்குப் போட்ட மாதிரிதான் இருக்கும். கிழிச்சுப்போடட்டுமா?"

"நானே செய்யறேனுங்க."

அத்தை கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள். கவிப்பிரியா கோட்டைத் தரையில் கவிழ்த்துப் போட்டுக் காலரிலிருந்து கீழ்வரை வெட்டினாள். உள்துணி பலமுறை தைத்தது, கத்தரி அங்கங்கே சிக்கியது. உள்பையில் ஒரு மாத்திரை அட்டையும் ஓட்டல் பேப்பர் நாப்கினும் இருந்தன. அவற்றை எடுத்து வைத்தாள். கட்டைவிரல்களைக் கட்டிய துணியை அவிழ்த்து, காளியப்பனும் ஆசிரும் கைகளைப் பிடித்துக்கொள்ள, கௌரி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகக் கோட்டை ஏற்றினார்கள். பிறகு விரல்களை மறுபடி கட்டினார்கள்.

அதன் பிறகு அவள் ஜன்னலுக்குப் போனாள். கொண்டி துருப்பிடித்துச் சட்டத்தோடு ஒட்டியிருந்தது. அசைத்தாள். வரவில்லை.

"அது தொறக்காது கண்ணு. உங்கப்பன் அதத் தொட உட்டதே இல்ல. ‘இருக்கட்டும், அவளாத் தொறப்பா’ம்பாரு. நானு மரம் உப்பியிருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள் கௌரி.

கவிப்பிரியா சமையலறையிலிருந்து அம்மிக் குழவியைத் தூக்கி வந்து கொண்டியின் அடியில் இடித்தாள். மூன்றாவது இடியில் கொண்டி தெறித்தது. கதவை இரண்டு கையாலும் தள்ளினாள். பெயின்ட் பிய்ந்து திறந்தது. ஏரியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மிதிபடகுகள், விசில், யாரோ சோளம் விற்கும் குரல். ஓட்டல் புல்வெளி ஸ்பீக்கர் கம்பம் இங்கிருந்து விரல் அளவுக்குத் தெரிந்தது.

அவள் திரும்பி வந்து அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

நாலு பத்துக்கு எடுத்தார்கள். பெண்கள் சாலை வளைவு வரை போய்த் திரும்பினார்கள். ஆசிர் குழிவரை போய் மண் தள்ளிவிட்டு, அங்கிருந்தே வேலைக்குப் போனதாகச் சொன்னார்கள். காளியப்பனும் மற்றவர்களும் ஆறு மணிக்கு வந்து கால் கழுவிக்கொண்டார்கள். அத்தை வீட்டைக் கழுவிவிட்டு, உடல் கிடந்த இடத்தில் விளக்கு ஏற்றினாள். "குளிரு வருது, சாத்தட்டுமா?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டாள். கவிப்பிரியா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

இருட்டியதும் கூட்டம் கலைந்து ஏரி காலியானது. படகுகளை வரிசையாகக் கட்டியிருந்தார்கள். காற்று இல்லை. கவிப்பிரியா ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிர்க்கரையில் புல்வெளி விளக்குகள் எரிந்தன.

ஏழு மணிக்கு ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை.

ஏழு ஐந்துக்குப் பென்டிரைவில் சினிமாப் பாட்டு போட்டார்கள்.