தோற்றவர் அடுக்க வேண்டும்

ஒன்பதாம் பந்து மேசையோரப் பையின் வாய் வரைக்கும் போய், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, விழ மனமில்லாமல் நின்றுவிட்டது. கண்ணாடிக்காரர் கோலை ஊன்றிக்கொண்டு அதையே பார்த்தார். ஊதினால் விழுந்துவிடும். ஊதக் கூடாது என்பதுதான் விளையாட்டு.

வெள்ளைப் பந்தால் அடித்து, எண் வரிசையில் மற்றவற்றைப் போட்டு, கடைசியில் ஒன்பதை விழவைப்பவருக்குத்தான் ஆட்டம். அது விழுந்திருந்தால் எல்லாம் அப்போதே முடிந்திருக்கும். முதலில் ஒன்பது ஆட்டம் எடுப்பவர் தேசியப் போட்டிக்குப் போகலாம்; இந்த பூல் கிளப்பிலிருந்து ஒருவருக்குத்தான் இடம். அவர் எட்டு எடுத்திருந்தார். எதிரே இருந்தவள் இரண்டு. இதற்கு முன் நான்கு வருஷம் இதே இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றிருக்கிறார். இப்போது வயது ஐம்பத்து மூன்று. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவரின் இடது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. அறுவை சிகிச்சைக்கு அடுத்த மாதம் தேதி. அடுத்த வருஷம் கை இருக்கும், கண் எப்படி இருக்கும் என்று டாக்டருக்கே சொல்லத் தெரியவில்லை. வீட்டில் மனைவி பயணப் பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கித் துடைத்தே வைத்துவிட்டாள்.

"பரவால்ல மாமா, இன்னும் ஒண்ணுதானே" என்றான் பக்கத்து நாற்காலியில் இருந்த மச்சினன். மொபைல் ரிப்பேர் கடையை ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் திறந்து வைப்பவன், இன்றைக்கு மூடிவிட்டு வந்திருந்தான். "அவங்களுக்கு ஏழு வேணும். ஏழு! மதியம் சாப்பிட்டது செரிக்கிறதுக்குள்ள முடிச்சிடலாம்."

எதிரே இருந்தவள் எழுந்து வந்தாள். நாற்பத்தொன்றாம் நம்பர் பஸ்ஸின் ஓட்டுநர். கிளப்பில் அவளுக்குப் பெயரே நாப்பத்தொண்ணு. முப்பத்தைந்து வயதிருக்கும். மாலை ஷிப்டுக்கு நேரே போவதற்காக யூனிபார்ம் பேன்ட்டிலேயே வந்திருந்தாள். வாயில் நின்ற பந்தைத் தட்டிவிட்டாள். எட்டுக்கு மூன்று. மேனேஜர் சுவரிலிருந்த பலகையில் எண்ணை மாற்றினார்.

ஜெயித்தவர் அடுத்த ஆட்டத்தைத் தொடங்க வேண்டும்; தோற்றவர் அவருக்குப் பந்துகளை அடுக்கிக் கொடுக்க வேண்டும். கிளப் ஆட்டத்தில் நடுவர் கிடையாது, அதனால் வந்த வழக்கம். ஒன்றாம் பந்து தலையில், ஒன்பதாம் பந்து நடுவில், மற்றவை சுற்றிலும். ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால்தான் முதல் அடியில் சிதறும். கண்ணாடிக்காரர் அடுக்கினால் யாரும் குனிந்து சரிபார்ப்பதில்லை. பகலெல்லாம் ஃபிரேமுக்குள் லென்ஸைப் பொருத்துகிற விரல்கள். அவர் அடுக்கிய பந்துகளுக்கு நடுவே காற்றுகூட டிக்கெட் வாங்கித்தான் போக வேண்டும் என்பார்கள்.

அடுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவள் அடித்தாள். இரண்டு விழுந்தன. பிறகு வரிசையாக மற்றவையும். எட்டுக்கு நான்கு.

அந்த ஆட்டத்தில் அவருக்குப் பெரிதாக ஒன்றும் படவில்லை. எல்லோருக்கும் ஒரு ஆட்டம் வரும். மறுபடியும் எழுந்து போய் அடுக்கினார். அடுத்த ஆட்டத்தின் நடுவில், நாலாம் பந்துக்கு அவள் குனிந்தபோதுதான் கவனித்தார். அவள் நாலாம் பந்தைப் பார்க்கவில்லை. அது எப்படியும் விழும் என்பதுபோல், வெள்ளைப் பந்து போய் நிற்க வேண்டிய வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்தாள். நாலு விழுந்தது. வெள்ளை இரண்டு ஓரங்களில் பட்டுத் திரும்பி, அவள் பார்த்த இடத்துக்கு வந்து, ஸ்டாப்பில் பஸ் நிற்பதுபோல் நின்றது. ஒரு சாண் முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. அஞ்சாம் பந்துக்கு அவள் நடக்க வேண்டியதே இல்லை. இடுப்பை லேசாகத் திருப்பினால் போதுமாக இருந்தது.

கிளப்பில் இதற்கு 'ஓடுது' என்று பெயர். அவனுக்கு ஓடுது, இவருக்கு ஓடுது என்பார்கள். அதற்கு மேல் விளக்கத் தெரியாது.

கண்ணாடிக்காரருக்கு ஒரு முறை ஓடியிருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன், ஒரு சாதாரணப் புதன்கிழமை, இரண்டே ஆட்டம். பைகள் வாளி அகலத்துக்கு விரிந்திருந்தன. கை தன்னுடையதா என்று சந்தேகம் வரவில்லை. கை இருக்கிறது என்கிற நினைப்பே வரவில்லை. அப்போது பின்னாலிருந்து யாரோ "அடேங்கப்பா!" என்றார்கள். அவர் நிமிர்ந்து சிரித்தார். மறுபடி குனிந்தபோது பைகள் பழைய அளவுக்கு வந்துவிட்டன. அந்த ஒரு சிரிப்பை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை.

எட்டுக்கு ஐந்து. எட்டுக்கு ஆறு.

அறையில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கீழே டயர் கடையில் காற்றடிக்கிற மெஷின் மட்டும் விட்டுவிட்டு இரைந்தது. அவளுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. மேசையைச் சுற்றி ஒரே வேகத்தில் நடந்தாள். கோலின் நுனியில் நீலச் சாக்கட்டியை மூன்று தேய்ப்பு தேய்த்தாள். குனிந்தாள். கோலை மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து நாலாவதில் அடித்தாள். கஷ்டமான அடிக்கும் மூன்று, சுலபமான அடிக்கும் மூன்று. அவளுக்கு வைத்த டீயில் ஆடை கட்டியிருந்தது.

"மாமா" என்று மச்சினன் காதருகே குனிந்தான். "எழுந்து பாத்ரூம் போயிட்டு வாங்க."

"வரல."

"வரலேன்னா என்ன, போய் குழாயைத் திறந்துவிட்டுட்டு நில்லுங்க. அஞ்சு நிமிஷம் போதும், சூடு ஆறிடும்."

"சும்மா இரு."

"சரி, அது வேணாம். பாராட்டுங்க. 'எப்படிம்மா கட்டைவிரலை இப்படி வெச்சு அடிக்கிறே'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அதோட அந்தக் கட்டைவிரல் அவங்களுது இல்லேன்னு ஆயிடும். வீட்டுக்குப் போற வரைக்கும் அதையேதான் பார்த்துட்டிருப்பாங்க."

கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. யோசனை கேவலமானது, ஆனால் நூற்றுக்கு நூறு சரியானது. அதைவிடக் கஷ்டம், பாராட்ட வேண்டும் என்று அவருக்கே நாக்கு துடித்துக்கொண்டிருந்தது. முப்பது வருஷத்தில் பார்த்த ஆட்டத்திலேயே இதுதான் ஆட்டம். அதைச் சொல்ல முடியாத ஒரே ஆள் அவர். சொன்னால் அது செத்துவிடும். பற்களைக் கடித்துக்கொண்டு எழுந்து போய் அடுக்கினார்.

எட்டுக்கு ஏழு.

அவர் மேசையைத் தொடுவதெல்லாம் இப்போது அவளுக்கு அடுக்கிக் கொடுக்க மட்டும்தான். மாப்பிள்ளையாக வந்தவர் பந்தி பரிமாறுகிற கதை. முக்கோணச் சட்டத்துக்குள் பந்துகளைக் கூட்டி, நாலு விரலால் பின்னாலிருந்து நெருக்கி, சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பினார். உட்கார்ந்தார். அப்போதுதான் தெரிந்தது.

நாற்காலி தாழ்வானது. எதிரே ஜன்னல். அந்த மட்டத்திலிருந்து பார்த்தபோது, தலையில் இருந்த ஒன்றாம் பந்துக்கும் அதன் பின்னாலிருந்த இரண்டு பந்துகளுக்கும் நடுவே ஒரு முடி அளவு வெளிச்சம். மேசைத் துணி அந்த இடத்தில் தேய்ந்து சின்னக் குழி விழுந்திருந்தது. சட்டத்தை எடுத்தபோது பந்து அதற்குள் இறங்கியிருக்க வேண்டும். ஃபிரேமில் சரியாக உட்காராத லென்ஸைச் சுற்றி இதே வெளிச்சத்தைத்தான் அவர் தினமும் பார்க்கிறார். நேற்றுக் கண்ணாடிக் கடை திறந்தவனுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

இப்படி அடித்தால் சிதறாது. பந்துகள் கும்பலாக நகர்ந்து நின்றுவிடும். ஒன்றும் விழாது. அவருடைய முறை வரும். அவருக்குத் தேவை ஒரே ஒரு ஆட்டம்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து மச்சினனும் குனிந்து பார்த்தான். பார்த்தவுடன் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, அசையாதீங்க" என்றான், உதடு அசையாமல். "நாம ஒண்ணும் பண்ணல. தானா வந்தது. சரிபார்க்க வேண்டியது அவங்க."

அது உண்மைதான். அடிப்பவர் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் அவள் பார்க்கவில்லை. இவர் அடுக்கியது என்பதால் பார்க்கவில்லை. அவள் ஏற்கெனவே குனிந்துவிட்டாள். கோல் ஒரு முறை முன்னே போய் வந்தது.

"நில்லும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அந்த வார்த்தை 'அடேங்கப்பா'வைவிடப் பெரிய சத்தம். குனிந்துவிட்டவரை எழுப்புவதுதான் இந்த ஆட்டத்தில் இருக்கிற பழைய, அழுக்கான தந்திரம். பந்தைச் சரிசெய்கிறேன் என்பதுதான் அதற்கு எல்லோரும் சொல்கிற காரணம். சும்மா இருந்தாலும் கெடுத்தவர், சொன்னாலும் கெடுத்தவர். கோல் இரண்டாம் முறை போய் வந்தது.

அவர் எழுந்தார். வாயைத் திறக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஹோட்டலில் சாப்பிடுகிறவரைத் தொந்தரவு செய்யாமல் பக்கத்து இலையைத் துடைக்கிறவர்போல் பக்கவாட்டில் வந்து, கையை மட்டும் நீட்டினார்.

"கண்ணாடி சார், இது நல்லால்ல" என்றார் மேனேஜர் பலகைக்குப் பக்கத்திலிருந்து. யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

"கில்லாடி மாமா நீங்க!" என்று பின்னால் மச்சினன் பூரித்துப்போய் முணுமுணுத்தது அவருக்குக் கேட்டது. அதுதான் எல்லாவற்றிலும் அதிகமாகச் சுட்டது.

ஒன்றாம் பந்தை இரண்டு விரலால் எடுத்து, குழியிலிருந்து ஒரு நூல் தள்ளி வைத்து, பின்னாலிருந்த எட்டுப் பந்துகளையும் அதோடு நெருக்கினார். குனிந்து பார்த்தார். வெளிச்சம் இல்லை. கையை எடுத்தார். அப்போதுதான் ஓரக்கண்ணால் அவளைப் பார்க்கத் துணிந்தார்.

அவள் நிமிரவே இல்லை. தாடை கோலின்மேல், கண் ஒன்றாம் பந்தின்மேல். யாரோ ஒருவர் ரோட்டைக் கடக்கிறார்; கடந்து முடியட்டும் என்று எஞ்சினை அணைக்காமல் நிற்கிற ஓட்டுநரின் முகம். கடந்தது யார், எதற்காகக் கடந்தார் என்பதெல்லாம் அந்த முகத்தில் இல்லை. அவர் விலகினார். கோல் மறுபடி முதலிலிருந்து ஓடியது. ஒன்று, இரண்டு, மூன்று.

அந்த அடியில் மூன்று பந்துகள் விழுந்தன. மற்றவை மேசை முழுக்க ஓடி, ஒன்றையொன்று மறைக்காமல், கைக்கு எட்டும்படி நின்றன. எட்டுக்கு எட்டு ஆக நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

"என்ன மாமா இது, வேலை செய்யலையே" என்றான் மச்சினன்.

"அதுக்காகப் பண்ணல நான்."

"பின்ன எதுக்கு?"

கண்ணாடிக்காரர் கடைசி ஆட்டத்துக்கு அடுக்க எழுந்தார். இம்முறை சட்டத்தை எடுத்த பிறகு, ஜன்னல் பக்கம் முழங்காலிட்டு ஒவ்வொரு பந்தாகப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலிக்கு வந்தார்.

கடைசி ஆட்டத்தில் ஆறாம் பந்து எட்டாம் பந்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. நேர்வழி கிடையாது. கண்ணாடிக்காரராக இருந்தால் வெள்ளையை வேறு பந்துகளுக்குப் பின்னால் எங்காவது ஒளித்துவைத்துவிட்டு எதிராளியிடம் ஆட்டத்தைக் கொடுத்திருப்பார். புத்தியுள்ளவர்கள் அதைத்தான் செய்வார்கள். அவளும் அப்படிச் செய்தால் அவருக்கு மேசையைத் தொட ஒரு வாய்ப்பு கிடைக்கும். அதற்காக அவர் காத்திருந்தார், கோலைக்கூடப் பிடித்துக்கொண்டார். ஆனால் அவள் நடையில் மாற்றமில்லை. மூன்று தேய்ப்பு. குனிந்தாள். மூன்று ஓட்டம். வெள்ளை நீளமாகப் போய் எதிர் ஓரத்தில் இடித்து, எட்டாம் பந்தை ஒரு நாணய அகலத்தில் தாண்டித் திரும்பி வந்து, ஆறாம் பந்தின் முதுகைத் தொட்டது. தட்டியதுகூட இல்லை. ஆறு நடுப் பைக்குள் இறங்கியது.

கண்ணாடிக்காரர் கோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன்பே தான் ஆசைப்படுவது மாறிவிட்டதை அவர் கவனித்தார். ஏழு. எட்டு. தப்பு செய்துவிடாதே தாயே, செய்துவிடாதே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பதாம் பந்து பையின் நடுவில் விழுந்த சத்தம் வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

விழுந்ததும் நெஞ்சில் ஏதோ கழன்று கீழே போனது. போகாதா பின்னே? நாலு வருஷம் ஐந்தாகிவிட்டது. தேசியப் போட்டி வேறொருத்தியுடையது. அதற்கெல்லாம் வருத்தப்பட இன்று இரவும் நாளையும் இருந்தன.

மேனேஜர் கைதட்டக் கைகளைத் தூக்கினார். கண்ணாடிக்காரர் சட்டென்று உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார். எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

அவள் மேசையின் அந்தக் கோடியில் நின்றாள். பலகையைப் பார்க்கவில்லை. கோலின் நுனியில் சாக்கைத் தேய்த்தாள்: ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு அடுக்குவதற்காகக் காத்திருந்தாள். அவளுக்கு எண்ணிக்கை எங்கேயோ தொலைந்துபோயிருந்தது.

கண்ணாடிக்காரர் எழுந்து பைகளிலிருந்து பந்துகளை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"மாமா" என்று மச்சினன் பதறினான். "முடிஞ்சுபோச்சு மாமா. ஒன்பதுக்கு எட்டு. நாம தோத்துட்டோம்."

"தெரியும். வாயை மூடிட்டு உட்காரு."

சட்டத்துக்குள் கூட்டினார். நாலு விரலால் நெருக்கினார். தலைப் பந்தைக் குழியிலிருந்து விலக்கி வைத்தார். சட்டத்தைத் தூக்கி, குனிந்து, வெளிச்சம் வருகிறதா என்று நல்ல கண்ணால் பார்த்தார். வரவில்லை. அவள் குனிந்தாள். அவர் நாற்காலிக்குத் திரும்பாமல் சுவரோரம் போய் நின்றுகொண்டார். நாற்காலியிலிருந்து பார்த்தால் மூலைப் பை சரியாகத் தெரியாது.