ஆள் இருந்தால் ஓடும் இன்ஜின்

மேனேஜருடைய படகு இன்ஜினுக்கு ஒரு வினோத வியாதி. மெக்கானிக் எதிரே உட்கார்ந்திருந்தால் மணிக்கணக்கில் சமர்த்தாக ஓடும். அவர் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனதும், பத்தே நிமிஷத்தில் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை இப்படி. படகுத்துறை முழுக்க விஷயம் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? படகுகளுக்குப் பாய் தைக்கிற அக்கா ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "அதுக்குத் தனியா இருக்கப் பிடிக்கலை."

மேனேஜர் என்றால் இப்போது எதற்கும் மேனேஜர் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவர். ரிட்டயர் ஆனதும் வீட்டை விற்றார். இருபத்தாறு அடியில் ஒரு பாய்மரப் படகை வாங்கி, மனைவியையும் கூட்டிக்கொண்டு அதிலேயே குடியேறிவிட்டார். உலகத்தைச் சுற்றப் போவதாகச் சொன்னார். துறைமுகத்தைத்தான் சுற்றினார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மகனுக்குக் குழந்தை பிறந்தது. "ரெண்டு மாசம் இருந்துட்டு வந்துடறேங்க" என்று மேனேஜரின் மனைவி ஒரே ஒரு பையோடு கிளம்பிப் போனார். அப்புறம் எப்போதாவது பார்க்க வருவார். வரும்போது வெறுங்கை, போகும்போது ஒரு மூட்டை. கடைசியாக வந்தபோது தையல் மெஷினையே தூக்கிக்கொண்டு போனார். தையல் மெஷின் போன வீட்டுக்கு எந்தப் பெண்பிள்ளை திரும்பி வருவாள்? படகுத்துறையில் யாருக்கும் அந்த நம்பிக்கை இல்லை. மேனேஜர் மட்டும் கேட்கிறவர்களுக்கெல்லாம், "அடுத்த மாசம் வர்றா" என்பார்.

படகின் உள்ளே நடுவில் ஒரு ஆள் நடக்க வழி. வலப்பக்கம் அவர் படுக்கை, இடப்பக்கம் அந்த அம்மாவுடையது. ஒவ்வொன்றின் அடியிலும் நீளமாக ஒரு மரப்பெட்டி. மேனேஜர் தன் தண்ணீர் கேன்கள், ஸ்பேனர் பை, உபரி நங்கூரம், அதன் சங்கிலி, பழைய டைரிகள், டப்பா டப்பாவாகச் சாப்பாட்டுச் சாமான் எல்லாவற்றையும் வலப்பக்கமே திணித்து வைத்திருந்தார். பெட்டியில் அடங்காதது படுக்கைமேலும் ஏறி, கால் நீட்ட இடம் இல்லை. இடப்பக்கம் பெட்டி காலி. வாராவாரம் மூடியைத் திறந்து, ஈரத்துணியால் துடைத்து, காற்றாட விட்டு மூடுவார். வருகிறவளுக்கு இடம் வேண்டாமா!

இதற்கு நடுவில்தான் துறைமுக ஆபீசில் புது விதி போட்டார்கள். படகில் தனியாகக் குடியிருக்கிறவர்கள், வேறு ஆளை ஏற்றாமல், பாய் விரிக்காமல் இன்ஜினிலேயே வெளியே சிவப்பு மிதவை வரைக்கும் போய்த் திரும்பி வந்து காட்ட வேண்டும். முடியாவிட்டால் படகைக் கிரேனில் தூக்கிக் கரையில் வைத்துவிடுவார்கள். கரையில் வைத்த படகில் குடியிருக்க அனுமதி இல்லை. மேனேஜர் முறை வெள்ளிக்கிழமை காலை. அதில் தவறினால் அவர் போக வேண்டிய இடம் மகன் வீட்டு ஹால் சோபா. அதிலும் ஒரு சங்கடம். அந்த வீட்டிலிருந்து இதுவரை யாரும் அவரை "வந்து இருங்க" என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

புதன்கிழமை மெக்கானிக் மூன்றாவது தடவையாக வந்தார். ஆள் பீரோ மாதிரி இருப்பார். வழக்கம்போல இடப்பக்கம் உட்கார்ந்தார். வழக்கம்போல இன்ஜின் ஓடியது.

"ஃபில்டர் புதுசு, சார். பம்ப் நல்லா இருக்கு. டேங்க்ல தண்ணி கலக்கலை. எங்கயோ காத்து இழுக்குது."

"எங்கேப்பா?"

"தெரிஞ்சா நான் ஏன் மூணாவது தடவையா உங்க டீயைக் குடிக்கிறேன்? டீசல் ஒழுகினா தரை காட்டிக் கொடுத்துடும். காத்து உள்ள போறதை யாரு காட்டிக் கொடுப்பா? நான் இருக்கும்போது நின்னாத்தானே கண்டுபிடிக்கலாம்! டாக்டர் ரூமுக்குள்ள போனதும் வலி காணாமப் போற கேசு இது."

"வெள்ளிக்கிழமை நீயும் ஏறிக்க முடியாதா?"

"விதி இருக்கே. பேசாம அம்மாவை வரச் சொல்லிடுங்க, சார். ரெண்டு பேர் குடியிருந்தா இந்த டெஸ்டே கிடையாது."

மேனேஜர் காலி டம்ளரை எடுத்துத் துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். "அடுத்த மாசம் வர்றா."

மெக்கானிக் போன பன்னிரண்டாவது நிமிஷம் இன்ஜின் நின்றது.

வியாழக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் மேனேஜர் தானே வேலையில் இறங்கிவிட்டார். குழாயில் புகுந்த காற்றை எடுப்பது இரண்டு ஆள் வேலை. மேலே ஒருத்தர் சாவியைத் திருப்ப வேண்டும். கீழே இன்னொருத்தர் நட்டைத் தளர்த்தி வைத்துக்கொண்டு, நுரை போய்ச் சுத்தமான டீசல் எட்டிப் பார்த்ததும் "போதும்" என்று கத்த வேண்டும். மேனேஜர் மேலே போய்ச் சாவியைத் திருப்பினார், ஐந்து படி இறங்கி ஓடி வந்து பார்த்தார், மறுபடியும் ஏறினார். பழக்க தோஷம், "போதும்!" என்று கத்தவும் செய்தார். "சரி!" என்றும் அவரே சொல்லிக்கொண்டார். பக்கத்தில் பாய் தைத்துக்கொண்டிருந்த அக்கா ஒரே குரல் இரண்டு வேலை பார்ப்பதைக் கேட்டு, சிரிக்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

டேங்கிலிருந்து ஃபில்டருக்கு வருகிற ரப்பர் குழாய்க்குப் பதிலாக, உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டி இன்ஜினைப் போட்டார். தன் படுக்கையில் உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் மணி கோத்த மாதிரி குமிழி வந்தது. சந்தோஷத்தில் எழுந்து, இடப்பக்கப் படுக்கையில் முட்டி போட்டுக் கிட்டத்தில் பார்த்தார். குமிழி இல்லை. குறித்து வைக்கலாம் என்று டைரி எடுக்கத் தன் பக்கம் வந்தார். குமிழி. மறுபடி அந்தப் பக்கம் போனார். இல்லை. ஆறு தடவை இப்படிப் போய் வந்த பிறகு, ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்து, குனிந்து பார்த்தார்.

தண்ணீர் வலது விளிம்பில் ஒரு விரல் அளவு ஏறி நின்றது.

படகே சாய்ந்திருக்கிறது. டேங்க் தாம்பாளம் மாதிரி அகலமாக, ஆழமில்லாமல் இருக்கும். உறிஞ்சுகிற குழாய் அதன் இடது மூலையில். இருப்பதோ கால் டேங்க் டீசல், அதுவும் மொத்தமாக வலப்பக்கம் போய்ப் படுத்துக்கொண்டால் குழாய் காற்றைக் குடிக்காமல் என்ன செய்யும்? எதிரே பீரோ மாதிரி ஒருத்தர் உட்கார்ந்தால் எல்லாம் நேராகிவிடுகிறது. உள்ளேயே குடியிருந்து படகோடு சேர்ந்து சாய்ந்தவருக்கு மட்டும் இது தெரியவில்லை.

மெக்கானிக் போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தார். "டேங்க் ரொப்பினாப் போதும். ஆனா டீசல் பங்க் திங்கக்கிழமை வரைக்கும் ரிப்பேர்ல மூடியிருக்கு. சாமான்ல பாதியை அந்தப் பக்கம் தள்ளுங்க, சார். அரை மணி வேலை."

"நான் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டினா?"

"இன்ஜின் லீவர் வலப்பக்கம் இருக்கே. காலால போடுவீங்களா?"

"அந்தப் பக்கம் பெட்டி... அது அவளோடது."

"காலிப் பெட்டிதானே, சார்?"

மேனேஜர் போனை வைத்துவிட்டார். சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மகன் வீட்டுக்குப் போன் போட்டார். அந்த அம்மாவே எடுத்தார்.

"என்னங்க, இந்த நேரத்துல? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"அதெல்லாம் இல்ல. ஒண்ணு கேக்கணும். உன் பக்கத்துப் பெட்டியில கொஞ்சம் சாமான் வச்சுக்கட்டுமா?"

"எந்தப் பெட்டி?"

"படகுல. உன் படுக்கைக்கு அடியில."

"அடக் கடவுளே, இன்னுமா அதைக் காலியா வச்சிருக்கீங்க? தாராளமா வச்சுக்கோங்க. இதைப் போய்க் கேப்பாங்களா!" உள்ளே ஏதோ உருண்டு விழுந்த சத்தம். "டேய், கையை எடு! ஏங்க, இவன் டப்பாவைக் கவுத்துட்டான். அப்புறம் பேசட்டுமா?"

"சரி" என்றார்.

அரை மணி வேலைக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. நங்கூரத்தை இடம் மாற்றினார், சங்கிலியைக் கண்ணி கண்ணியாக இறக்கினார். தண்ணீர் கேன்களை ஒன்றன் பின் ஒன்றாகத் தூக்கி வைத்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் டம்ளர் தண்ணீர் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. பெட்டி மூடத்தான் கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை துறைமுக ஆபீசர் சுவரோரம் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேனேஜர் கயிற்றை அவிழ்த்தார், லீவரைப் போட்டார். பத்து நிமிஷம், இருபது நிமிஷம், இன்ஜின் ஒரு தடவைகூட இருமவில்லை. சிவப்பு மிதவையைச் சுற்றும்போது எதிர் இருக்கையைப் பார்த்தார். யாரும் இல்லை. இன்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இனி இதற்கு யாரும் தேவையில்லை என்பது ஏனோ அவருக்குக் கொஞ்சம்கூடச் சந்தோஷமாக இல்லை.

திரும்பி வந்ததும் ஆபீசர் அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். "நல்லா வச்சிருக்கீங்க. ஒரு வருஷத்துக்குக் கவலை இல்ல."

கயிற்றைப் பிடித்துக் கட்டிய அக்கா, ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "மேனேஜர் சார், படகு நேரா நிக்குதே!"

"இத்தனை நாள் சாஞ்சிருந்ததா?"

"அம்மாவோட தையல் மெஷின் போனதுலேருந்து."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு சொல்றது?" என்றாள் அக்கா. ஊசி மறுபடியும் பல்லுக்குப் போனது.

மேனேஜர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார். கால் பழைய சாய்வுக்கே அடி எடுத்து வைத்தது. சாய்வுதான் அங்கே இல்லை. தடுமாறி இடப்பக்கப் படுக்கையில் பொத்தென்று உட்கார்ந்தார். எழுந்திருக்க அவசரம் ஒன்றும் இல்லை. அங்கிருந்து பார்த்தபோது எதிரே தன் படுக்கை தெரிந்தது. அதில் இப்போது ஒரு ஆள் தாராளமாகக் கால் நீட்டிப் படுக்கலாம்.