செந்துறை வளைவு

மணிக்கு நூற்று அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிட்டு அந்தப் புதிய மின்சார எஞ்சின் அரியலூர் ஸ்டேஷனில் வந்து நின்றபோது, அனுசுயாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. வழியில் ஓர் இடத்திலும் எஞ்சின் ஆடவில்லை.

ஆடாமல் ஓடவைத்தவள் அவள். மூன்று வருடங்களுக்கு முன், ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் தொழில்நுட்பத்தை வாங்கி இங்கேயே அதிவேகப் பயணிகள் எஞ்சின் கட்டுவதென்று ஒப்பந்தமானது. அனுசுயா வேலை பார்த்த தொழிற்சாலைக்கு வரைபடங்கள் பெட்டி பெட்டியாக வந்திறங்கின. அதை வைத்துக் கட்டிய முதல் எஞ்சினோ, நூற்று முப்பதைத் தாண்டியதும் கள் குடித்தவன் மாதிரி பக்கவாட்டில் தள்ளாடியது. அந்த ஆட்டத்தை அடக்குவதற்கென்றே சக்கரங்களுக்கு மேலே டேம்பர் என்ற எண்ணெய்க் குழாய்கள் உண்டு. அவற்றை எவ்வளவு இறுக்குவது என்ற கணக்கு மட்டும் பெட்டிகளில் இல்லை. கேட்டால், அது ஒப்பந்தத்தில் சேராது என்று பதில் வந்தது.

"விடு அனு. அவன் குடுக்கலன்னா நாமளே கண்டுபிடிப்போம். நீ எறங்கு. மேல இருக்கறவங்கள நான் பாத்துக்கறேன்" என்றார் குழுத் தலைவர் இளவரசன்.

அவருக்கு அரியலூர், இவளுக்குச் சிறுவாச்சூர். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அப்பா செத்துப்போன அன்று தன் காரிலேயே அவளை ஊருக்குக் கொண்டுவந்து, காரியம் முடிகிறவரை பந்தலில் நின்றவர் அவர். அவர் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

சோதனை ஓட்டம் அந்தப் பக்கத்துப் பாதையில் என்பதால், பதினான்கு மாதம் அனுசுயாவும் கூட வேலை பார்த்த சசிகலாவும் அரியலூரில் லாட்ஜ் எடுத்துத் தங்கினார்கள். எஞ்சின் ஓடும்போது உள்ளே உட்கார்ந்து ஆட்டத்தை அளப்பார்கள். நின்றதும் அடியில் புகுந்து வால்வைத் திருகுவார்கள். எல்லா இடத்திலும் அடங்கிய எஞ்சின், செந்துறையைத் தாண்டி வரும் ஒரு வளைவில் மட்டும் அடங்க மறுத்தது. அதுவும் மத்தியானத்தில்தான். வெயிலில் எண்ணெய் இளகிவிடுகிறது என்று அனுசுயாவுக்குப் பிடிபட ஐந்து மாதம் ஆனது. சூடு ஏற ஏறத் தானாகவே இறுகும்படி வால்வை மாற்றினாள். எந்தச் சூட்டுக்கு எவ்வளவு என்று அட்டவணை போட்டு, இளவரசனுக்கு மட்டும் அனுப்பினாள்.

"வெளிய போயிடக் கூடாது. எங்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்" என்று அவர்தான் சொல்லியிருந்தார்.

அன்று நூற்று அறுபதைத் தொட்ட சோதனை முடிந்த கையோடு ஸ்டேஷன் ஓய்வறையில் எல்லோருக்கும் சாப்பாடு. வெளிநாட்டு நிறுவனத்தின் ஆட்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். இளவரசன் ஒரு தடித்த கோப்பைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"தொழில்நுட்பம் முழுசா வந்து சேந்துச்சுன்னு ஒரு கையெழுத்து. வாங்கினவங்க இடத்துல போடு."

படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் அவளுக்கு இல்லை. புரட்டிக்கொண்டே வந்தவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள். அவளுடைய அட்டவணை. மேலே வெளிநாட்டு நிறுவனத்தின் முத்திரை, தேதி மூன்று வருடத்துக்கு முந்தையது. ஏழாவது வரிசையில் 'செ.வளைவு' என்று அவள் தனக்காகக் குறித்துவைத்த குறிப்பைக்கூட அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார்கள்.

"அண்ணே, இது நான் போட்டது."

இளவரசன் அவளை ஜன்னல் பக்கம் கூட்டிப்போனார். "மெதுவாப் பேசு. அவங்க குடுத்ததாக் காட்டினாத்தான் ஒப்பந்தம் முடியும். இல்லன்னா மூணு வருஷமா என்னத்த வாங்கினீங்கன்னு என் கழுத்தத்தான் பிடிப்பாங்க. யாரு போட்டா என்ன? வண்டி ஓடுதுல்ல?"

"இனிமே இந்த வால்வ மாத்தணும்னாக்கூட அவங்ககிட்டப் போயி கேட்டு நிக்கணுமே."

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்."

"மூணு வருஷத்துக்கு முன்னாடி அவங்களுக்குச் செந்துறை எங்க இருக்குன்னு தெரியுமாண்ணே?"

அவர் கோப்பை எடுத்துப்போய் சசிகலாவிடம் நீட்டினார். சசிகலா ஒரு தடவை அனுசுயாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டாள். கை கழுவும் இடத்தில் பின்னாலேயே வந்து, "எனக்கு இந்த வேலைய விட்டா வேற கதி இல்லடி" என்றாள். அனுசுயா குழாயை மூடிவிட்டு வெளியே நடந்தாள்.

சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்த பஸ்ஸில் பெரம்பலூர் வந்து, பஸ் மாறி வீட்டுக்குப் போனாள். வெள்ளிக்கிழமை. காளி கோயிலில் மாவிளக்குப் போட்டுவிட்டு அம்மா ராசாத்தி அப்போதுதான் வந்திருந்தாள். மகள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நம்ம பந்தல்ல நின்ன புள்ளையா?" என்று மட்டும் கேட்டாள். அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை அப்போதுதான் உடைந்தது.

மறுநாளே மேலிடத்துக்கு எழுதினாள். வளைவையும், வெயிலையும், தான் அளந்த தேதிகளையும் சான்றாக வைத்தாள். பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வரிப் பதில் வந்தது. அடுத்த மாதம் அவளை உதிரிப்பாகக் கிடங்குக்கு மாற்றினார்கள். இளவரசனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

ஆனி மாதம் அவரிடமிருந்து போன் வந்தது.

"அனு, புதுசா அஞ்சு எஞ்சின் வருது. இதுல சக்கரம் கொஞ்சம் பெருசு. அந்த அளவெல்லாம் எப்படி மாத்தறதுன்னு அவங்களுக்குப் புரியல. எங்கிட்டக் கேக்கறாங்க."

அவரும் அவர்களும் முழிக்கட்டும் என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. ஆனால் அளவு தப்பினால் அந்த வளைவில் என்ன ஆகும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? ஏறி உட்காரப்போகிற சனங்கள் என்ன பாவம் செய்தார்கள்?

"எழுதி அனுப்பறேன் சார்" என்றாள்.

"சாரா?" என்று அவர் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். தன் பெயரையும் தேதியையும் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதி, இந்த முறை அவருக்கு மட்டும் அனுப்பாமல், மேலதிகாரிகள், சோதனை அதிகாரிகள், சசிகலா, வெளிநாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். ஒருவரும் பதில் போடவில்லை. ஆனால் அவள் சொன்ன அளவைத்தான் ஐந்து எஞ்சினிலும் வைத்தார்கள் என்று கிடங்குக்கு வந்த உதிரிப்பாகச் சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

கணக்கு சரியாக வந்துவிட்ட சந்தோஷம் உடம்பெல்லாம் பரவியது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. போனைக் கையில் எடுத்த பிறகுதான், விரல் தன் போக்கில் இளவரசனின் பெயரைத் தேடிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.