ரெண்டு கேஸ்

எனக்கு யாரையும் லேசில் நம்பிப் பழக்கமில்லை. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலைக்கூட வீட்டு டம்ளரில் ஒரு தடவை அளந்து பார்ப்பேன். அப்படிப்பட்டவள் கட்டின மனுஷனை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறேன் பாருங்கள், அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஜெயப்பிரகாஷ் லாரி டிரைவர். குவைத்தில் டிரெய்லர் ஓட்ட வேலை கிடைத்திருந்தது. அதற்குப் போலீஸ் சர்டிபிகேட் வேண்டும். இந்த ஆள் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று கொடுக்கிற காகிதம். ஒரு தடவை வாங்கினோம், சுத்தமாக வந்தது. விசா இழுத்தடித்ததில் அது காலாவதியாகிப்போனது. மறுபடி செம்மண்டலம் நெட் சென்டரில் வேலை பார்க்கிற சரண்யாவை விட்டு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டோம். மாதக் கடைசிக்குள் புதுசு வராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சிதம்பரத்து ஏஜெண்ட் அருண்குமார் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒருநாள் சரண்யா கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "போலீஸ் ரிப்போர்ட்ல ஏதோ சிக்கல்னு காட்டுதுக்கா."

திரும்பிப் பார்த்தேன். இவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. சாயந்திரம் அருண்குமார் போன் செய்தார்.

"என்னம்மா இது, ஒண்ணுமே இல்லன்னீங்க? விசாரிச்சா ரெண்டு கேஸ் இருக்குதாமே. ஒண்ணு முடிஞ்சிடுச்சாம், ஒண்ணு ஓடிகிட்டிருக்காம்."

ஒன்றல்ல, இரண்டு! யாரோடு, எந்த ஊரில்? இவர் சட்டைப் பையைத் துழாவினேன், சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருந்த இவர் செல்போனில் இருந்த நம்பர்களையெல்லாம் பார்த்தேன். லோடு ஏற்றப் போகிறேன், நெல்லிக்குப்பத்தில் தங்கிவிட்டேன் என்று இவர் சொன்ன ஒவ்வொரு நாளும் இப்போது பொய்யாகத் தெரிந்தது. வீட்டுக்குள் வந்தவரைச் செருப்புக்கூடக் கழற்ற விடவில்லை.

"மாமா, உண்மையச் சொல்லு. போன தடவை ஒண்ணும் இல்லன்னுதானே வந்துச்சி? அதுக்கப்புறம் என்னா பண்ணித் தொலைச்ச? ரெண்டு கேஸாம். ஒண்ணு முடிஞ்சி, ஒண்ணு ஓடுதாம்."

அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். சண்டைக்கு வருவார், சத்தியம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

"ஒண்ணு எதுன்னு தெரியும், மதி. ரெண்டாவது எதுன்னு எனக்கே புரியல."

அவரே சொன்னார். மார்கழி மாதம் விடியற்காலை, சிதம்பரத்துக்கு லோடு போகையில் ஆலப்பாக்கம் தாண்டி ஒரே பனி. சைக்கிளில் போன பெரியவர் ஒருவர் மேல் வண்டி இடித்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தாராம், சைக்கிள் கிடந்ததாம். நிறுத்தாமல் வந்துவிட்டார்.

"முடிஞ்சிடுச்சின்னு சொன்னாங்கன்றியே, எப்படி முடிஞ்சிதாம்? அந்த ஆளு உயிரோட இருக்காரா?" என்று என்னையே கேட்டார்.

அடப்பாவி மனுஷா! அன்றைக்கு வந்து என் கையால் பொங்கல் வாங்கித் தின்றாயே என்று கத்தவேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலை நானே ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு ராஜமாணிக்கம் இருந்தார். போன தடவை வீடு தேடி வந்து விசாரித்தவர், இந்தத் தடவை போனிலேயே முடித்துக்கொண்டாராம்.

"என் வூட்டுக்காரர் மேல எந்த ஊர்ல சார் கேஸு?"

"அத நான்தாம்மா உன்னக் கேக்கணும். போன்ல சொன்னது நீதானே?"

"நானா?"

"பின்ன நானா? கேஸ் எதுனா இருக்கான்னு கேட்டேன். 'ரெண்டு இருக்கு சார், ஒண்ணு முடிஞ்சி போச்சி, ஒண்ணு ஓடிகிட்டிருக்கு'ன்னு படபடன்னு சொல்லிட்டு வச்சிட்ட. இங்க ரிஜிஸ்டர்ல தேடித் தேடி எனக்குக் கண்ணு பூத்துப் போச்சி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பால் பொங்கிக்கொண்டிருந்த நேரத்தில் வந்த போன் அது, யார் பேசுகிறார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. மாமியார் பேரில் அரசாங்கம் கொடுத்த இலவச கேஸ் இணைப்பு ஒன்று, என் பேரில் ஒன்று. ஒரே வீட்டில் இரண்டு இருக்கிறதென்று எவளோ பொறாமையில் போட்டுக்கொடுத்துவிட்டாள், அதுதான் துப்பு விசாரிக்கிறார்கள், மறைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்துபோய் உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தேன்.

"ஐயோ சார், அது சிலிண்டரு! அடுப்பு கேஸு!"

ஸ்டேஷனே சிரித்தது. ஏட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"சரி, அடுப்பு கேஸ வுடு. இங்க ரெக்கார்டுல ஒண்ணும் இல்ல. உனக்குத் தெரிஞ்சி வேற எதுனா உண்டா? இந்தத் தடவையாவது நல்லா ரோசன பண்ணிச் சொல்லு."

குவைத்து ஒரு பக்கம், கீழே கிடக்கிற சைக்கிள் ஒரு பக்கம்.

"எங்க வூட்ல இருக்கறது ரெண்டு சிலிண்டர்தான் சார்."

மறுபடியும் எல்லாரும் சிரித்தார்கள். அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டு வாசலிலேயே இவர் நின்றுகொண்டிருந்தார். ராத்திரியெல்லாம் தூங்காத கண்.

"உன் மேல கேஸே இல்லியாம். சர்டிபிகேட் வந்துடும்" என்றேன்.

அவருக்கு மூச்சு வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்ததும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சட்டைய மாட்டு மாமா. ஆலப்பாக்கம் போறோம்."

"அதான் கேஸு இல்லன்னியே மதி, அப்புறம் எதுக்கு?"

"கேஸு இல்ல. ஆளு இருந்தாரில்ல? கெளம்பு."